பாத்திரம் தேய்க்கும் பூதம் படுத்துவிட்டால்...

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. மத்தியானச் சாப்பாட்டுக்கு மைத்துனர் குடும்பம், பெரிசும் சிறிசுமாக ஆறு டிக்கெட், வருவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து, காலை டிபன் பாத்திரங்களை வயிற்றில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு டிஷ்வாஷர் பாதியில் நின்றது. நின்றதோடு விட்டதா? "பீப்... பீப்... பீப்..." என்று ஊரைக் கூட்டியது.

கதவைத் திறந்தேன். அடியில் சாம்பார் நிறத்தில் ஒரு குளம். அதன் நடுவே ஒரு கறிவேப்பிலை, எந்தக் கவலையும் இல்லாமல் படகு விட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க ஆச்சு?" உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி.

"ஒண்ணுமில்லை. சின்ன ட்ரபிள்."

"ஒப்பந்தம் ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. குழந்தைக்கு மூணு வயசான பிறகு அவள் திரும்ப வேலைக்குப் போன அன்று, "இனிமே பாத்திரம் என் டிபார்ட்மெண்ட்" என்று வீரமாக அறிவித்துவிட்டு, ஒரு வாரம் தேய்த்துப் பார்த்து, எட்டாம் நாள் தவணையில் மெஷின் வாங்கிய ஆசாமி நான். 'மெஷின் மக்கர் பண்ணினால் டிபார்ட்மெண்ட் மறுபடி கைக்கு வரும்' என்பது ஷரத்து. அம்மா அன்றைக்கே சொன்னாள்: "நாலு பாத்திரம் தேய்க்க இத்தனை ரூபாயாடா? கடைசியில நீதான் தேய்க்கப்போறே, பாரு."

கம்பெனிக்கு போன் போட்டேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று ஒரு பெண் குரல் ஏழெட்டு தடவை சொன்னது. அவ்வளவு முக்கியமான அழைப்புக்குக் கிடைத்த பதில்: டெக்னீஷியன் புதன்கிழமை வருவார்.

ஞாயிறு டு புதன்! வேறு வழியில்லாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் மண்டியிட்டேன். அன்றைக்குக் கற்றதும், அதற்குப் பிறகு ஆபீசிலும் அபார்ட்மெண்டிலும் 'டிஷ்வாஷர் டாக்டர்' என்று பெயர் வாங்கிக் கற்றதும்தான் இந்தக் கட்டுரை. 2020-ல் ஊரடங்கு வந்து, வேலைக்கு வரும் அக்காக்கள் வர முடியாமல் போனபோது நம் ஊரில் ஏகப்பட்ட வீடுகளில் இந்த மெஷின் நுழைந்தது. அதில் சில இப்போது வெங்காயக் கூடையாகவும் பழைய பேப்பர் அலமாரியாகவும் பதவி இறக்கம் பெற்று உட்கார்ந்திருக்கின்றன. நான் பார்த்தவரை அவற்றில் பாதிக்கு மேல் கெட்டுப்போனவையே அல்ல!

பூதத்தின் வயிற்றில் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு விஷயம். உள்ளே பிரஷ் கிடையாது, தேங்காய் நார் கிடையாது. வாஷிங் மெஷின் துணியை முக்குவது போல இது பாத்திரத்தை முக்குவதும் கிடையாது. அடியில் சில லிட்டர் தண்ணீர் நிற்கும், அது சூடாகும். ஒரு பம்ப் அந்தத் தண்ணீரை, மேலும் கீழும் இருக்கும் கைகளின் ஓட்டைகள் வழியே பீய்ச்சி அடிக்கும். பீய்ச்சுகிற வேகத்திலேயே கைகள் சுற்றும், தீபாவளித் தரைச் சக்கரம் மாதிரி. பாத்திரத்தில் மோதி விழும் தண்ணீர் ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, மறுபடி பம்புக்குப் போய், மறுபடி மேலே. அழுக்குத் தண்ணீரை இன்னொரு குட்டி பம்ப் வெளியே தள்ளும். ஒரு தடவை ஓட்டினால் சுமார் பத்து லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட். அவ்வளவுதான் பூதம்.

இதைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோஸஃபின் காக்ரேன். அருமையான பீங்கான் தட்டுகளை வேலைக்காரர்கள் விளிம்பு உடைக்கிறார்களே என்ற எரிச்சலில் ஆரம்பித்தது. கணவர் கடனை வைத்துவிட்டுக் காலமானதும் அதுவே பிழைப்பாகிவிட்டது. 1886 டிசம்பரில் பேடண்ட் வாங்கி, 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்து அசத்தினார். (அதே வருஷம் அதே ஊரில்தான் விவேகானந்தர் பேசினார். அவர் சாப்பிட்ட தட்டை எப்படிக் கழுவினார்கள் என்று எனக்குத் தெரியாது!) பாத்திரம் அசையாமல் நிற்கும், தண்ணீர் வேகமாக வந்து மோதும்: அன்று அந்த அம்மாள் போட்ட கணக்குதான் இன்று வரை. ஆகவே தண்ணீர் வரும் வழி, மோதும் வழி, போகும் வழி மூன்றையும் பார்த்துவிட்டால் முக்கால்வாசி வைத்தியம் முடிந்தது.

குளம் வற்றிய கதை

எங்கள் குளத்துக்கு வருவோம். முதல் காரியம், பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் தயவுசெய்து பிளக்கையும் பிடுங்கவும். தண்ணீருக்குள் கை விடப்போகிறோம், சார்.

கீழ்த் தட்டை வெளியே எடுத்துவிட்டு, ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு பக்கெட்டில் ஊற்றினேன். மிச்சத்தைப் பழைய துணியில் ஒற்றி எடுத்தேன். அடியில் நடுவில் உருளையாக இருப்பதுதான் ஃபில்டர். இடது பக்கமாகத் திருகினால் கையோடு வரும். அதன் கீழே சல்லடைத் தகடு. இரண்டையும் எடுத்தால் வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரியே இங்கேயும் ஒரு குட்டி 'சம்ப்'.

ஃபில்டரைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். சோற்றுப் பருக்கை, தேங்காய்த் துருவல், மிளகாய் விதை எல்லாம் சேர்ந்து ஒரு புது ரகக் கூட்டு. குழாயடியில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். பலருக்கு இதோடு பிரச்னை தீர்ந்துவிடும். வாரம் ஒரு தடவை இதைச் செய்தால் பிரச்னை வரவே வராது.

எனக்குத் தீரவில்லை. மெஷினை ஓட்டிப் பார்த்தால், வெளியேற்றும் பம்ப் "ங்ங்ங்..." என்று முனகியது. தண்ணீர் போகவில்லை. சத்தமே இல்லையென்றால் பம்போ, அதற்கு வரும் கரண்டோ அவுட். முனகினால், அது உயிரோடுதான் இருக்கிறது. வாயில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மறுபடி பிளக்கைப் பிடுங்கினேன். பெரும்பாலான மெஷின்களில் சம்ப்பின் ஒரு ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். கரண்டிக் காம்பால் நெம்பினால் கழன்று வரும். உள்ளே ஒரு குட்டிக் காற்றாடி. கையுறை போட்டுக்கொண்டு விரலை விடவும். உடைந்த கண்ணாடித் துண்டு அங்கேதான் வந்து உட்காரும். டார்ச் அடித்துப் பார்த்தேன். காற்றாடியின் இரண்டு இறக்கைகளுக்கு நடுவே, பழுப்பு நிறத்தில் பளபளவென்று...

ஒரு புளியங்கொட்டை!

மனைவி புருவம் தெளிக்கும் சின்ன இடுக்கியை அனுமதி கேட்காமல் எடுத்து, கொட்டையைப் பிடுங்கினேன். காற்றாடியை விரலால் சுற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு சுற்றாது, தடக் தடக் என்று விட்டு விட்டுச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான். அதைப் பார்த்து 'போச்சு' என்று பயப்பட வேண்டாம். மூடியைப் போட்டு, ஃபில்டரை மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, தண்ணீரை வெளியேற்றும் பட்டனை அமுக்கினேன். கடகடவென்று குளம் வற்றியது. பத்து வருஷத்துக்கு முன் இன்க்ரிமெண்ட் வந்தபோது கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

சந்தோஷம் அடங்கியதும் இரண்டு கேள்விகள். ஃபில்டர் இருக்கும்போது கொட்டை எப்படிப் பம்புக்குள் போனது? இதற்கு விடை உடனே கிடைத்தது. ஃபில்டரைக் கழுவி மாட்டும்போது வலப் பக்கம் திருகி, 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். சும்மா செருகி வைத்தால் தண்ணீர் வேகத்தில் தூக்கிக்கொள்ளும். இடுக்கு வழியாகக் கொட்டையும் போகும், முருங்கைச் சக்கையும் போகும். போன வாரம் சும்மா செருகி வைத்த மகானுபாவன் யார் என்பதை நான் வீட்டில் யாரிடமும் விசாரிக்கவில்லை.

இரண்டாவது கேள்வி: எங்கள் வீட்டில் கொட்டை எடுத்த புளிதான் வாங்குவது. இது எங்கிருந்து வந்தது? மண்டை காய்ந்ததுதான் மிச்சம். ஆதாரத்தை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

வாஷ் முடிந்த பிறகு ஃபில்டரின் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றால் அது வியாதி இல்லை. உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்து போகாமல் இருக்க அது அங்கே இருந்தே ஆக வேண்டும். இதற்காக ஆள் கூப்பிட்டு விசிட் சார்ஜ் கொடுத்த நண்பர் ஒருவர் எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் இருக்கிறார்.

போகிற குழாயையும் பார்க்க வேண்டும். மெஷினைச் சுவரோடு தள்ளும்போது பின்னால் குழாய் மடங்கி நசுங்கியிருக்கும். நம் ஃப்ளாட்டுகளில் இன்னொரு வேடிக்கை. சமையலறையை ஒட்டிய சர்வீஸ் பால்கனியில் மெஷினை வைத்து, குழாய் முனையைத் தரையில் இருக்கும் ஓட்டையில் சொருகிவிடுகிறோம். தண்ணீர் உள்ளே வர வர, வாளியிலிருந்து ட்யூப் போட்டு உறிஞ்சிய மாதிரி தானாகவே வெளியே ஓடிவிடும். மெஷின் பாவம், நிரப்பிக்கொண்டே இருக்கும். குழாய் ஓரிடத்திலாவது தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரம் ஏறி இறங்க வேண்டும். எவ்வளவு என்று கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். கையேடு எங்கே என்கிறீர்களா? மெஷின் வந்த அட்டைப் பெட்டிக்குள். பெட்டி பரண் மேல்.

அதே பால்கனியில் எலி இருந்தால் குழாயைக் கடிக்கும். கீழே தண்ணீர் கசிந்து, சில மெஷின்கள் அடித்தட்டில் ஈரம் பட்டதுமே பத்திரமாக நின்றுவிடும். அப்போது மெஷினைத் திட்டாதீர்கள். எலிக்கு வழி பண்ணுங்கள்.

"பாத்திரம் சுத்தமே ஆகலை சார்!"

இதுதான் அதிகம் வரும் புகார். நான் உடனே கேட்பது: "அடுக்கினது யாரு?" பதில் வராது.

தண்ணீர் மோதினால்தான் சுத்தம் ஆகும் என்று பார்த்தோம். டம்ளருக்குள் டம்ளர் செருகி வைத்தால் உள் டம்ளருக்கு எங்கே மோதும்? கிண்ணங்களை மல்லாக்க வைத்தால் கழுவின தண்ணீரே பாயசம் மாதிரி நிற்கும். பெரிய குக்கரை நடுவில் கவிழ்த்தால் மேலே இருக்கும் அத்தனைக்கும் அது குடை பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, தோசைத் திருப்பி! அதன் காம்பு தட்டின் ஓட்டை வழியாக ஓர் அங்குலம் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், சுழலும் கை அதில் இடித்து நின்றுவிடும். ஸ்டார்ட் பட்டனை அமுக்கும் முன்னால் இரண்டு கைகளையும் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மூணு செகண்ட் வேலை.

கைகள் நன்றாகச் சுற்றியும் சுத்தமாகவில்லையா? கைகளின் ஓட்டைகளைப் பாருங்கள். அந்த ஓட்டையைத் துளைத்தவருக்கும் நம் கடுகுக்கும் ஏதோ பூர்வ ஜன்ம பந்தம். அளவெடுத்த மாதிரி போய் உட்காரும். கையைக் கழற்றி, பல் குத்தும் குச்சியால் தள்ளிவிட்டு, குழாயில் பிடித்து அலசினால் கடுகு, சீரகம் எல்லாம் வரிசையாக வெளிநடப்புச் செய்யும்.

சோப்பு மாத்திரை கரையாமல் அப்படியே கிடக்கிறதா? சோப்பு டப்பாவின் மூடி திறக்க முடியாதபடி எதிரில் ஒரு பெரிய தட்டு மறித்துக்கொண்டிருக்கும். அல்லது அரைமணி நேர 'க்விக்' வாஷில் போட்டிருப்பீர்கள்; மாத்திரை கரைய அந்த நேரம் பல சமயம் போதாது. அதற்குப் பவுடர் நல்லது. டப்பா ஈரமாக இருக்கும்போது பவுடர் போட்டால் கட்டி தட்டிவிடும், அதையும் கவனிக்கவும்.

எச்சிலை, சக்கையை வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு வைத்தால் போதும். சிலர் பயபக்தியோடு சிங்க்கில் தேய்த்துக் கழுவி, பளபளவென்று ஆக்கி, பிறகு மெஷினில் வைக்கிறார்கள். அப்புறம் மெஷின் எதற்கு, திருஷ்டிக்கா? இட்லி மாவு காய்ந்து சிமெண்ட் ஆன கிண்ணத்தையும், அடிப்பிடித்த பால் பாத்திரத்தையும் மட்டும் முன்னதாக ஊற வைக்கவும். அதற்கு எந்த மெஷினும் மந்திரம் கற்றுக்கொண்டு வரவில்லை.

வெள்ளைப் பூச்சு விவகாரம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சென்னை மாதிரி ஊரில் டிஷ்வாஷர் வாங்கி வெறுத்துப்போன பலருடைய கதை இதுதான்.

மூன்றாவது மாசம் ஆரம்பிக்கும். எவர்சில்வர் தட்டில் திட்டுத்திட்டாக வெள்ளை. கண்ணாடி டம்ளரில் விபூதி பூசிய மாதிரி ஒரு மங்கல். "சோப்பு சரியில்லை" என்று சோப்பை மாற்றுவோம். "மெஷின் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவோம். வீட்டில் பாத்ரூம் குழாயையும் பிளாஸ்டிக் பக்கெட்டின் விளிம்பையும் ஒரு தடவை பாருங்கள். அங்கே இருக்கும் அதே வெள்ளைதான் இது. போர் தண்ணீரில், லாரி தண்ணீரில் கரைந்து வரும் கால்சியமும் மக்னீசியமும், தண்ணீர் சூடானதும் படிந்துவிடுகின்றன.

தண்ணீரின் இந்தக் கடினத்துக்கு ஒரு கணக்கு உண்டு. இந்திய தர நிர்ணயப்படி, குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை சகித்துக்கொள்ளலாம். மெஷினின் வயிற்றில் இதைச் சமாளிக்க ஒரு தனி அறையே இருக்கிறது. அதில் பிசின் மணிகள். உள்ளே வரும் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை விடும். கொஞ்ச நாளில் மணிகளுக்குக் கை நிறைந்துவிடும். அப்போது உப்புத் தண்ணீரால் அவற்றைக் கழுவிவிட்டால் மறுபடி வேலைக்குத் தயார். அடியில் திருகு மூடி போட்ட ஒரு தொட்டியில் உப்புப் போடச் சொல்வது இதற்காகத்தான். பாத்திரத்துக்கு உப்புப் போட்டுத் தேய்ப்பதற்காக அல்ல!

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் இரண்டு வருஷமாக உப்பே போடவில்லை. "உப்பு விளக்கு எரியுமே, பார்க்கலையா?" என்றேன். "எரியும். அது பவர் லைட்னு நினைச்சேன்" என்றார். உத்தியோகம், குவாலிட்டி கண்ட்ரோல்.

உப்புப் போடுவதிலும் சூட்சுமம் உண்டு. சமையல் உப்பு வேண்டாம். அது பொடி, கட்டி தட்டாமல் இருக்க வேறு பொருட்களும் சேர்த்திருப்பார்கள், தொட்டியை அடைத்துவிடும். டிஷ்வாஷருக்கென்றே பெரிய பரல் உப்பு விற்கிறார்கள். முதல் தடவை மட்டும் தொட்டியில் தண்ணீரும் ஊற்ற வேண்டும். உப்புப் போட்ட கையோடு ஒரு தடவை மெஷினை ஓட்டிவிடுங்கள். வழிந்த உப்புத் தண்ணீர் அப்படியே நின்றால் எவர்சில்வரையும் அரிக்கும். தப்பித் தவறி அந்தத் தொட்டியில் சோப்புப் பவுடரைக் கொட்டினால் பிசின் அறைக்குக் கர்மம் பண்ண வேண்டியதுதான். புதிதாக மாற்ற நல்ல செலவு.

உப்பு மட்டும் போதாது. 'எங்கள் ஊர்த் தண்ணீர் இவ்வளவு கடினம்' என்று மெஷினுக்குச் சொல்லவும் வேண்டும். கம்பெனியிலிருந்து வரும்போது ஏதோ ஒரு நடுவாந்தர அளவில் வைத்திருப்பார்கள். பலர் அதைத் தொட்டதே இல்லை. கடினம் பார்க்கும் காகிதப் பட்டையோ சொட்டு மருந்து கிட்டோ வாங்கி (வண்ண மீன் விற்கும் கடையில் கூடக் கிடைக்கும்) அளந்துவிட்டு, கையேட்டில் இருக்கும் அட்டவணைப்படி எண்ணை மாற்றுங்கள். வாட்டர் ஃபில்டர்காரர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் விட்டு ஒரு நம்பர் சொல்வாரே, அது வேறு. அதில் எல்லா உப்பும் சேர்ந்து வரும். கடினம் மட்டும் தனியாகத் தெரியாது. கையேட்டில் ஜெர்மன் டிகிரி என்று போட்டிருந்தால் மிரள வேண்டாம். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம்.

டம்ளரில் இருக்கும் மங்கல் போகுமா என்று தெரிய ஒரு சின்ன சோதனை. வினிகர் தொட்டுத் தேயுங்கள். போனால் உப்புப் படிவு, காப்பாற்றிவிடலாம். போகவே இல்லையென்றால் கண்ணாடியே அரித்துவிட்டது. அந்த டம்ளரைப் பேனா ஸ்டாண்டாக வைத்துக்கொள்ளலாம்.

ரின்ஸ் எய்ட் என்று நீல நிறத்தில் ஒன்று விற்கிறார்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடச் செய்யும். அது தீர்ந்துபோனால் பாத்திரம் காயாது. அது இருந்தாலும் பிளாஸ்டிக் டப்பா அவ்வளவாகக் காயாது. எவர்சில்வரும் பீங்கானும் போலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பிளாஸ்டிக்கால் முடியாது. வாஷ் முடிந்ததும் கதவை ஒரு ஜாண் திறந்து வைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்புங்கள்.

நுரையோ நுரை

ஆபீசில் புதுசாகச் சேர்ந்த பையன்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஃப்ளாட்டில், வீட்டுக்காரர் டிஷ்வாஷரையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மாத்திரை தீர்ந்துபோன ஒரு ராத்திரி, ஒருவன் சிங்க் பக்கத்தில் இருந்த பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ரெண்டு ஸ்பூன் விட்டு ஓட்டியிருக்கிறான். இருபது நிமிஷத்தில் சமையலறையில் பக்திப் படத்து தேவலோக சீன்! முழங்கால் வரை வெள்ளை மேகம். நாரதர் வரவேண்டியதுதான் பாக்கி.

அந்த லிக்விட் நுரைப்பதற்கென்றே பிறந்தது. மெஷின் சோப்பு நுரைக்காமல் இருப்பதற்கென்றே பிறந்தது. இரண்டும் சம்பந்தி ஆக முடியாது. ஆகிவிட்டால், மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து நுரை அடங்கும் வரை காத்திருங்கள். அள்ளக்கூடியதை அள்ளிவிட்டு, தண்ணீரை வெளியேற்றி, சோப்பில்லாமல் அலசும் புரோகிராமை இரண்டு மூன்று தடவை ஓட்டினால் சரியாகிவிடும்.

தண்ணியே வரலையா?

எங்கள் அபார்ட்மெண்டில் கடைசி மாடியில் ஒரு ரிடையர்டு பேங்க் மேனேஜர். அவர் மெஷினில்தான் பழைய பேப்பர் அடுக்கியிருந்தது. "தண்ணியே எடுக்கலை தம்பி. டுபாக்கூர் மெஷின்" என்றார். குழாய் திறந்துதான் இருந்தது. உள்ளே வரும் குழாயின் வாயில் இருக்கும் சின்ன வலையைக் கழற்றினேன். போர் மணல் ஒரு சிட்டிகை. கழுவி மாட்டியும் அரை மனசாகத்தான் எடுத்தது.

காரணம் மாடி. மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு 'பார்'. பல மெஷின்கள் குறைந்தபட்சம் 0.3 முதல் 0.5 பார் கேட்கும். அதாவது மூன்றிலிருந்து ஐந்து மீட்டர். முதல் மாடிக்காரர்களுக்குக் கவலையில்லை. தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவருக்கு மூன்று மீட்டர் கிடைத்தாலே புண்ணியம். பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைத்ததும், மூன்று வருஷப் பேப்பரை எடைக்குப் போட்டுவிட்டு மெஷினை ஓட்டினார். அன்றிலிருந்து என்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். அவர் மனைவி கூப்பிட்டு ஃபில்டர் காபி கொடுத்தார்.

எதை வைக்கலாம், எது கூடாது என்பதில் வீட்டுப் பெரியவர்கள் பேச்சைக் கேளுங்கள். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி எல்லாம் ஜோர். அலுமினியம் கறுத்துப்போகும், மெஷின் சோப்பின் காரத்தன்மை அதற்கு ஆகாது. அலுமினியக் குக்கரும் பழைய இட்லித் தட்டும் அதில் சேர்த்தி. இரும்பு தோசைக்கல்லை வைத்தால் வருஷக்கணக்காகப் பழக்கிய எண்ணெய்ப் பதம் போய்த் துருப்பிடித்து, மறுநாள் தோசை கல்லை விட்டு வர மறுக்கும். மரக் கரண்டி வெடிக்கும். பித்தளை, செம்பு, ஈயச் சொம்பு வேண்டவே வேண்டாம். ஈயச் சொம்பை நான் வைத்தேனா என்று கேட்காதீர்கள். அம்மா படிக்கிற பத்திரிகை இது. மஞ்சள் கறை பிடித்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி, வெயிலில் காய வையுங்கள். மஞ்சளின் நிறத்துக்கு வெயில் ஆகாது. மெஷின் செய்யாததைச் சூரியன் செய்துவிடும்.

நாற்றம் அடித்தால் ஃபில்டர், கதவு ரப்பரின் மடிப்பு, கதவின் கீழ் விளிம்பு மூன்றையும் துடையுங்கள். கீழ் விளிம்பில் தண்ணீர் அடிக்காது. அங்கேதான் ரசம் காய்ந்து கிடக்கும். மாசம் ஒரு தடவை காலி மெஷினில் சிட்ரிக் ஆசிட் பவுடர் போட்டுச் சூடான புரோகிராமில் ஓட்டலாம். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் கூடாது. ஆசிடோடு சேர்ந்தால் விஷவாயு.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஓட்டியதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா, தொட்டால் சுரீர் என்கிறதா, எரிந்த வாசனையா, தண்ணீர் சூடே ஆகவில்லையா: பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஹீட்டர், எலக்ட்ரானிக் போர்டு விஷயத்தில் வீரம் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டி ஓட்டுபவர்கள் இப்போதே எழுந்து போய், எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு ஏற்பாடு பண்ணுங்கள். நான் காத்திருக்கிறேன். திரையில் ஏதாவது எழுத்தும் எண்ணும் வந்தால் எழுதி வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் வேறு. போனில் அதைச் சொன்னால் வருபவர் சரியான பாகத்தோடு வருவார்.

எங்கள் வீட்டுக்குப் புதன்கிழமை சொன்னபடி டெக்னீஷியன் வந்தார். மெஷின் கம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. தீப்பெட்டியைத் திறந்து புளியங்கொட்டையைக் காட்டினேன்.

"நீங்களே எடுத்துட்டீங்களா சார்? பரவாயில்லையே! போன வாரம் ஒரு வீட்டுல பம்ப்ல இருந்து மூக்குத்தி எடுத்தேன்" என்றார். காபி குடித்தார். பிறகு பில் புத்தகத்தை எடுத்து விசிட் சார்ஜ் எழுதினார்.

"நான்தானே ரிப்பேர் பண்ணேன்?"

"வந்தேன்ல சார்."

பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, எட்டு வயசு மகள் ஓடி வந்து தீப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அய்! கிடைச்சிடுச்சு பாட்டி!" என்று கொட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே போனேன். தரையில் பல்லாங்குழி விரித்திருந்தது. எதிரில் என் அம்மா.

"ஒண்ணு குறையுது, ஒண்ணு குறையுதுன்னு நாலு நாளா தேடறோம்" என்றாள் அம்மா, குழியை எண்ணிக்கொண்டே. "கொட்டையெல்லாம் ஒரு கிண்ணத்துல போட்டு வச்சிருந்தேன். எந்தப் புண்ணியவான் அதைக் கொட்டிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போட்டானோ!"

அந்த டிபார்ட்மெண்ட் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.